டெக்சாஸ் வெஸ்டர்னுக்கு மூன்று ஆண்டுகள் முன்பு: 1963 சிகாகோ லயோலா அணி

1966இல் டெக்சாஸ் வெஸ்டர்ன் கல்லூரி ஐந்து கறுப்பின ஆட்டக்காரர்களுடன் இறுதியாட்டத்தைத் தொடங்கிப் பட்டம் வென்றதுதான் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் நிறத்தடையை உடைத்த வெற்றி என்று பரவலாக எழுதுகிறார்கள். அப்படியிருக்க, சிலர் 1962–63 பருவத்தின் சிகாகோ லயோலா பல்கலைக்கழக அணியை அதற்கும் முன்னால் வைத்துப் பேசுவது ஏன், அந்த அணி ஆட்டத்திலும் அவ்வளவு சிறந்ததுதானா என்பது கேள்வி. இரண்டாவது பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். அந்தப் பருவத்தில் லயோலா 31 ஆட்டங்களில் 29இல் வென்றது. ஆட்டத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 92 புள்ளிகள் எடுத்து நாட்டிலேயே அதிகப் புள்ளி குவித்த அணியாக இருந்தது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் பட்டம் வென்றிருந்த சின்சினாட்டியை இறுதியாட்டத்தில் வீழ்த்தியது. ஆகவே அது அனுதாபத்தால் நினைவுகூரப்படும் அணி அன்று.

முதல் பாதிக்கான பதில் சற்று நீளமானது. யார் முதலில் என்ற போட்டியே இங்கு அவ்வளவு பொருந்தாது என்பது என் கருத்து. 1955, 1956 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பட்டம் வென்ற சான் பிரான்சிஸ்கோ அணியில் பில் ரஸ்ஸல், கே.சி. ஜோன்ஸ், ஹால் பெரி என மூன்று கறுப்பினத்தவர் முன்னணியில் இருந்தனர். 1962இல் பட்டம் வென்ற சின்சினாட்டியின் தொடக்க ஐவரில் நால்வர் கறுப்பினத்தவர். தடை என்பது ஒரே இரவில் இடிந்து விழுந்த சுவர் அன்று. ஒவ்வொரு பருவமாக, ஒவ்வோர் ஆளாகத் தளர்ந்த எழுதப்படாத கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாட்டைப் பயிற்சியாளர்கள் தங்களுக்குள் கேலியாகச் சொல்லிக்கொள்வதுண்டு: களத்தில் கறுப்பினத்தவர் சொந்த ஊரில் இரண்டு பேர், வெளியூரில் மூன்று பேர், தோற்றுக்கொண்டிருந்தால் நான்கு பேர். லயோலாவின் பயிற்சியாளர் ஜார்ஜ் அயர்லண்ட் செய்தது, இந்தக் கணக்கைப் பார்க்காமல் ஆட்டத்துக்கு ஆட்டம் நான்கு பேரை முதலிலேயே களமிறக்கியதுதான். அவரைச் சமூகச் சீர்திருத்தவாதியாகக் காட்டுவதை நான் ஏற்பதில்லை. வெல்ல வேண்டும் என்ற வெறி அவருக்கு இருந்தது. தன்னிடம் உள்ள சிறந்த ஐவரில் நால்வர் கறுப்பினத்தவர் என்றால் அந்த நால்வரும் ஆடுவார்கள், அவ்வளவே.

அந்த ஐவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அணித்தலைவர் ஜெர்ரி ஹார்க்னஸ் நியூயார்க்கைச் சேர்ந்தவர். பள்ளியில் ஓட்டப் பந்தயக்காரராக இருந்தவர், ஹார்லெமில் உள்ள ஓர் உடற்பயிற்சிக்கூடத்தில் பொழுதுபோக்காகப் பந்து போட்டுக்கொண்டிருந்தபோது பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் பார்த்து, இந்த ஆட்டத்துக்குக் கல்லூரியில் உதவித்தொகையே கிடைக்கும் என்று சொன்னதால்தான் பள்ளி அணிக்கு முயன்றதாக ஹார்க்னஸ் பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். கார்டு இடத்தில் ஆடிய ரான் மில்லரும் நியூயார்க்காரர். நடு ஆட்டக்காரர் லெஸ் ஹண்டரும் ஃபார்வர்டு விக் ரவுஸும் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் பேர்ல் உயர்நிலைப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். கறுப்பின மாணவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட அந்தப் பள்ளி, கறுப்பினப் பள்ளிகளுக்கான தேசியப் போட்டியில் கொடிகட்டிப் பறந்த பள்ளி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். ஐந்தாமவர் ஜான் ஈகன், சிகாகோவிலேயே வளர்ந்த வெள்ளையர், ஐவரிலும் உயரம் குறைந்தவர், எதிரணிக்காரரிடம் வாயாடுவதில் சளைக்காதவர்.

1962 டிசம்பர் இறுதியில் ஓக்லஹோமா சிட்டியில் நடந்த போட்டியில் வயோமிங் அணிக்கு எதிராக ஈகனின் இடத்தில் பாப்லோ ராபர்ட்சன் இறங்கியபோது, லயோலாவின் ஐவரும் கறுப்பினத்தவராக இருந்தனர். முதல்நிலைக் கல்லூரி ஆட்டத்தில் அப்படி ஐவர் ஒரே நேரத்தில் களத்தில் நின்றது அதுவே முதல் முறை. டெக்சாஸ் வெஸ்டர்ன் ஆட்டத்துக்கு அப்போது மூன்றேகால் ஆண்டுகள் இருந்தன. பின்னாளில் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணியில் வித்தை காட்டிப் புகழ்பெற்ற அதே ராபர்ட்சனும், பில்லி ஸ்மித் என்ற மற்றொரு ஆட்டக்காரரும், மதிப்பெண் போதாமல் பருவத்தின் நடுவிலேயே தகுதி இழந்தார்கள். அதன் பிறகு லயோலாவுக்கு நம்பி அனுப்ப மாற்று ஆளே ஏறக்குறைய இல்லை. ஐந்து பேர், முழு ஆட்டம். முழுக் களத்திலும் எதிரணியை நெருக்கி, பந்தைப் பறித்து, நொடியில் மறுமுனைக்கு ஓடும் ஆட்டத்தை மாற்று ஆளின்றி நாற்பது நிமிடம் ஆடுவது எவ்வளவு கடினம் என்பது கூடைப்பந்து ஆடியவர்களுக்குத் தெரியும். அந்தக் குறை இறுதியாட்டத்தில் எப்படியோ பலமாக மாறியது.

பருவத்தின் நடுப்பகுதியை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. பிப்ரவரி நடுப்பகுதிவரை தோல்வியே இல்லை. பிறகு நேட் தர்மண்ட் ஆடிய பௌலிங் கிரீன் அணியிடம் 92–75 என்று உதைபட்டார்கள். மார்ச் தொடக்கத்தில் விச்சிட்டாவிடம் ஒரே புள்ளியில் தோற்றார்கள். அதே விச்சிட்டா அந்தப் பருவத்தில் சின்சினாட்டியையும் ஒரே புள்ளியில் தோற்கடித்தது என்பது இறுதியாட்டத்தை எண்ணிப் பார்க்கும்போது வேடிக்கையாக இருக்கிறது. ஹூஸ்டனில் ஆடியபோது பார்வையாளர்கள் வசைகளோடு கையில் கிடைத்ததையும் ஆட்டக்காரர்கள்மீது எறிந்தார்கள். தென்மாநிலப் பயணங்களில் அணியினர் நிறத்தின்படி பிரிந்து தங்க நேர்ந்ததும் உண்டு. ஹார்க்னஸின் விடுதி முகவரிக்கே கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் பெயரில் மிரட்டல் கடிதங்கள் வந்தன.

தேசியப் போட்டியில் அப்போது 25 அணிகளே இடம்பெற்றன. முதல் சுற்றில் லயோலா டென்னசி டெக் அணியை 111–42 என்று வென்றது. அறுபத்தொன்பது புள்ளி வித்தியாசம் என்பது அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே மிகப் பெரியது. அடுத்து வரவேண்டியது மிசிசிப்பி ஸ்டேட். வருமா என்பதே அப்போது யாருக்கும் தெரியவில்லை.

இந்தத் தயக்கத்துக்குக் காரணம் மிசிசிப்பி மாநிலத்தின் எழுதப்படாத சட்டம். மாநிலப் பல்கலைக்கழகங்களின் அணிகள் கறுப்பினத்தவர் இடம்பெற்ற அணிகளோடு ஆடக்கூடாது. ஆடினால் சட்டமன்றம் நிதியை நிறுத்திவிடும் என்ற அச்சம் இருந்தது. பேப் மெக்கார்த்தி பயிற்றுவித்த மிசிசிப்பி ஸ்டேட் 1959, 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் தென்கிழக்கு மாநாடு எனப்படும் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பின் உச்சியில் முடித்தும் தேசியப் போட்டிக்குச் செல்லவில்லை. மூன்று முறையும் அதற்குப் பதிலாகக் கென்டக்கி பல்கலைக்கழக அணி சென்றது. 1959இல் பெய்லி ஹவல் ஆடிய அந்த அணி 25 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே தோற்றிருந்தது என்பதை எண்ணினால், அந்த இளைஞர்கள் இழந்தது எவ்வளவு என்பது விளங்கும். 1963இல் நான்காவது முறையாகவும் மாநாட்டுப் பட்டம் வந்தது. அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்புதான், 1962 இலையுதிர் காலத்தில், மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரடித் என்ற கறுப்பின மாணவர் சேர்ந்ததை எதிர்த்து மூண்ட கலவரத்தில் இருவர் உயிரிழந்திருந்தனர். அந்தச் சூழலில், 1963 மார்ச் 2 அன்று, பல்கலைக்கழகத் தலைவர் டீன் கால்வர்ட், தகுந்த அதிகாரி யாரேனும் தடுக்காத வரையில் அணியை அனுப்பப்போவதாக அறிவித்தார். ஒரு வாரம் கழித்து மாநில உயர்கல்வி வாரியமும் அவருக்கு எதிராகப் போகவில்லை. எதிர்ப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. பில்லி மிட்ஸ் என்ற மாநில செனட்டர் மற்றொருவருடன் சேர்ந்து நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார். இந்த மிட்ஸ் அதே பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்.

தடையாணை கையில் வந்து சேர்ந்துவிட்டால் அதை மீற முடியாது. ஆகவே அது சேர்வதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. கால்வர்ட் அலபாமா மாநிலத்துக்குச் சென்றுவிட்டார். மெக்கார்த்தி இரவோடு இரவாக டென்னசி மாநிலத்துக்குள் போய்விட்டார். மறுநாள் காலையில் முதலில் மாற்று ஆட்டக்காரர்களை மட்டும் விமான நிலையத்துக்கு அனுப்பி, ஷெரிஃபின் ஆட்கள் காத்திருக்கிறார்களா என்று பார்த்தார்கள். யாரும் தடுக்கவில்லை என்று தெரிந்த பிறகு முன்னணி ஆட்டக்காரர்கள் வந்து விமானம் ஏறினார்கள். நாஷ்வில்லில் பயிற்சியாளர் சேர்ந்துகொள்ள, அணி மிச்சிகன் மாநிலத்தின் ஈஸ்ட் லான்சிங்குக்குப் பறந்தது. அன்றே மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் தடையாணையை நிறுத்திவைத்தார் என்பதால் இந்த ஓட்டமெல்லாம் தேவையற்றதாகத் தோன்றலாம். ஆனால் அது அவர்களுக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்? இருபது, இருபத்தொரு வயது இளைஞர்கள், அனைவரும் வெள்ளையர், சொந்த மாநில அரசுக்குத் தப்பி ஒரு ஆட்டம் ஆடப் போனார்கள். அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது நாம் லயோலாவின் பெயரைத்தான் முதலில் சொல்கிறோம். துணிவின் பெரும்பங்கு எதிரணியின் பக்கத்தில் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. லயோலா ஆட்டக்காரர்கள் இந்த ஆட்டத்தில் கூடுதலாக எதையும் பணயம் வைக்கவில்லை. அவர்கள் அதை ஏற்கெனவே பருவம் முழுவதும் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 15 அன்று ஜெனிசன் அரங்கில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர். ஆட்டம் தொடங்குமுன் ஹார்க்னஸும் மிசிசிப்பி அணித்தலைவர் ஜோ டான் கோல்டும் நடுவட்டத்தில் வந்து கைகுலுக்கினார்கள். வழக்கமான சடங்குதான். ஆனால் சுற்றிலும் புகைப்படக் கருவிகளின் ஒளி பளிச்சிட்டுக்கொண்டே இருந்ததைப் பார்த்த பிறகுதான் இது வெறும் ஆட்டமன்று என்பது தனக்கு உறைத்தது என்று ஹார்க்னஸ் பின்னர் சொன்னார். மிசிசிப்பி முதல் ஏழு புள்ளிகளையும் எடுத்தது. பந்தைப் பொறுமையாகச் சுற்றவிட்டு, ஓடவே இடம் கொடுக்காமல், லயோலாவின் வேகத்தைக் கட்டிப்போட்டது. பாதியாட்டத்தில் 26–19 என்று லயோலா முன்னே இருந்தபோதும், 92 புள்ளிச் சராசரி வைத்திருந்த அணிக்கு அது எறும்பு ஊர்வதுபோலத்தான் இருந்திருக்கும். மிசிசிப்பியின் முக்கிய ரீபவுண்டர் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பவர்) லீலண்ட் மிட்செல் ஐந்தாவது ஃபவுலுடன் வெளியேறிய பிறகு ஆட்டம் லயோலா பக்கம் நிலைத்தது. ஹார்க்னஸ் 20 புள்ளிகள் எடுத்தார், ரவுஸ் 19 ரீபவுண்டுகள் பிடித்தார். முடிவு 61–51. முரட்டுத்தனம் எதுவும் நடக்கவில்லை. மிசிசிப்பி மறுநாள் தோற்ற அணிகளுக்கான ஆறுதல் ஆட்டத்தில், லயோலாவை முன்பு புரட்டியெடுத்த அதே பௌலிங் கிரீனை, கறுப்பினத்தவரான தர்மண்ட் இடம்பெற்ற அணியை, 65–60 என்று வென்று ஊர் திரும்பியது. அந்த ஒரு முடிவே அவர்கள் எவ்வளவு நல்ல அணி என்பதைச் சொல்லும்.

அடுத்து இல்லினாய் 79–64, அரையிறுதியில் ஆர்ட் ஹேமன் ஆடிய டியூக் 94–75. இரண்டிலும் லயோலாவின் ஓட்டத்துக்கு எதிரணிகளிடம் பதில் இல்லை.

மார்ச் 23 இறுதியாட்டம் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில், ஃப்ரீடம் ஹாலில், பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் நடந்தது. எட் ஜக்கர் பயிற்றுவித்த சின்சினாட்டி, நாட்டிலேயே மிகக் குறைவாகப் புள்ளி கொடுத்த அணி; அதிகப் புள்ளி எடுத்த அணியை அது சந்தித்தது. இங்கே ஒரு விதியை விளக்க வேண்டும். அந்தக் காலக் கல்லூரி ஆட்டத்தில் இத்தனை நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற கடிகாரம் கிடையாது. அது 1985–86 பருவத்தில்தான் வந்தது. மூன்று புள்ளிக் கோடும் அதற்கு அடுத்த பருவத்தில்தான் எல்லா இடத்திலும் வந்தது. முன்னிலை பெற்ற அணி விரும்பினால் பந்தைக் கைமாற்றிக்கொண்டே நேரத்தைக் கடத்தலாம். இதைச் செய்வதில் சின்சினாட்டி கைதேர்ந்தது.

லயோலாவின் எறிதல்கள் அன்று விழவே இல்லை. பாதியாட்டத்தில் 29–21 என்று சின்சினாட்டி முன்னே இருந்தது. இரண்டாம் பாதியில் ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம் மீதமிருந்தபோது 45–30. ஹார்க்னஸ் அதுவரை களத்திலிருந்து ஒரு கூடைகூடப் போட்டிருக்கவில்லை. இந்த இடத்தில் ஜக்கர் தன் அணியை நிதானிக்கச் செய்தார். அதை அவர்மீது பிழையாகச் சுமத்துவது எளிது. இரண்டு பட்டங்களை வாங்கித்தந்த முறையைத்தான் அவர் கையாண்டார். ஆனால் அவருடைய முக்கிய ஆட்டக்காரர்கள் சிலர் நான்கு ஃபவுல்களைத் தொட்டுவிட்டிருந்தனர், ஐந்தாவது வந்தால் வெளியே. நெருக்கும்போது அவர்களால் துணிந்து மோத முடியவில்லை. நேரத்தைக் கடத்த நினைக்கும் அணியை முழுக் களத்திலும் நெருக்கினால் பந்து நழுவும், அது நழுவியது. ஆட்டம் முழுவதிலும் சின்சினாட்டி பதினாறு முறை பந்தை இழந்தது, லயோலா மூன்றே முறை. லயோலா 84 முறை எறிந்து 23 மட்டுமே போட்டது. முப்பது விழுக்காடுகூட இல்லாத எறிதலோடு ஓர் அணி பட்டம் வென்றதைப் புரிந்துகொள்ள, இந்தப் பதினாறும் மூன்றும்தான் வழி.

12 நொடிகள் மீதமிருக்க, 53–52 என்று முன்னே இருந்த சின்சினாட்டியின் லேரி ஷிங்கிள்டனுக்கு, தடுப்பாரின்றி எறியும் ஒரு புள்ளி வாய்ப்புகளான ஃப்ரீ த்ரோக்கள் இரண்டு கிடைத்தன. முதலாவது விழுந்தது. இரண்டாவதும் விழுந்திருந்தால் மூன்று புள்ளி வித்தியாசம், மூன்று புள்ளிக் கோடு இல்லாத காலத்தில் ஆட்டம் அத்தோடு முடிந்திருக்கும். அது வளையத்தில் பட்டு வெளியே வந்தது. ஹண்டர் பிடித்து மில்லரிடம் தள்ள, மில்லர் ஹார்க்னஸுக்குக் கொடுக்க, ஹார்க்னஸ் போட்டார். 54–54. மில்லர் பந்தோடு கூடுதல் அடி வைத்தார் என்று சின்சினாட்டிக்காரர்கள் பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், நடுவர்கள் ஊதவில்லை.

ஐந்து நிமிடக் கூடுதல் நேரத்தில் 58–58 ஆனதும் கடைசி எறிதலுக்காகப் பந்தை வைத்துக்கொண்டு காத்திருந்தது இம்முறை லயோலா. அப்போது ஈகனும் ஷிங்கிள்டனும் ஒரே பந்தைப் பிடித்துக்கொண்டதால் நடுவர் பந்தை மேலே எறிய, இருவரும் தாவ வேண்டியதாயிற்று. களத்தின் மிகக் குள்ளமான இருவர். ஈகன் தட்டிய பந்து மில்லரிடம் போனது. கடைசி நொடிகளில் ஹார்க்னஸ் இடப்பக்கமாகப் புகுந்து எறிய எழும்பினார். சின்சினாட்டியின் ரான் போன்ஹாம் பந்தில் கைவைத்துவிட்டார். ஹார்க்னஸ் அதை ஹண்டரிடம் தள்ளினார். ஹண்டர் எறிந்தது வளையத்தைச் சுற்றி வெளியே விழ, வலப்பக்கம் நின்றிருந்த ரவுஸ் இரு கைகளாலும் பிடித்து மீண்டும் எழும்பிப் போட்டார். 60–58. லயோலாவின் ஐவரும் 45 நிமிடமும் களத்தைவிட்டு வெளியே வரவில்லை.

இந்த ஆட்டம் ஏன் 1966 அளவுக்கு நினைவில் நிற்கவில்லை என்று கேட்டால், அதன் காட்சி எளிமையாக இல்லை என்பேன். 1966இல் ஒரு பக்கம் கறுப்பின ஐவர், மறு பக்கம் பயிற்சியாளர் அடால்ஃப் ரப்பின் முழுவெள்ளைக் கென்டக்கி; ஒரே பார்வையில் கதை விளங்கிவிடும். 1963இல் சின்சினாட்டியின் டாம் தாக்கர், டோனி யேட்ஸ், ஜார்ஜ் வில்சன் ஆகிய மூவரையும் சேர்த்து, களத்தில் தொடங்கிய பத்துப் பேரில் ஏழு பேர் கறுப்பினத்தவர். வெற்றி யாருக்குப் போனாலும் கட்டுப்பாடு தோற்றுத்தான் இருக்கும். எதிரி இல்லாத கதையைச் சொல்வது கடினம். அதனால்தான் லயோலாவைப் பற்றிப் பேசுவோர் இறுதியாட்டத்தை விட்டுவிட்டு ஈஸ்ட் லான்சிங்குக்குப் போகிறார்கள்.

உடனடியாக மிசிசிப்பியில் எதுவும் தலைகீழாக மாறிவிடவில்லை. அந்த ஆட்டம் முடிந்து மூன்று மாதம் ஆவதற்குள், ஜூன் 12 அன்று, கறுப்பின உரிமைத் தலைவர் மெட்கர் எவர்ஸ் அதே மாநிலத்தில் தன் வீட்டு வாசலில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஆனால் 1965இல் மிசிசிப்பி ஸ்டேட்டில் ரிச்சர்ட் ஹோம்ஸ் என்ற முதல் கறுப்பின மாணவர் சேர்ந்தபோது கலவரம் நடக்கவில்லை. கால்வர்ட் அப்போதும் தலைவராக இருந்தார். கூடைப்பந்து அணியில் கறுப்பினத்தவர் இடம்பெற எழுபதுகளின் தொடக்கம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தென்கிழக்கு மாநாட்டின் தடை அதற்கு முன்பே, 1967இல், நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் தகர்ந்தது. அங்கே முதன்மை அணியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் பெரி வாலஸ். அவர் படித்தது நாஷ்வில் பேர்ல் உயர்நிலைப் பள்ளியில்தான். ஹண்டரும் ரவுஸும் சொந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஆட வாய்ப்பே இல்லாமல் சிகாகோவுக்குப் போனார்கள். அதே பள்ளியிலிருந்து சில ஆண்டுகள் கழித்து வந்தவர் அந்த ஊரிலேயே ஆடினார், தென்மாநில அரங்குகளில் மிரட்டலையும் வசையையும் தனி ஒருவராகத் தாங்கிக்கொண்டு.

ஹார்க்னஸும் கோல்டும் பின்னாளில் நண்பர்களானார்கள். 2011இல் கோல்ட் இறந்தபோது ஹார்க்னஸ் இறுதிச் சடங்குக்குச் சென்றார். சவப்பெட்டியின் அருகே அந்தக் கைகுலுக்கல் படத்தைக் கோல்டின் குடும்பத்தார் வைத்திருந்தனர். 2012 டிசம்பரில் இரு பல்கலைக்கழகங்களும் சிகாகோவில் மீண்டும் ஓர் ஆட்டம் ஆடின. 2013இல் லயோலாவின் பழைய ஆட்டக்காரர்களை ஒபாமா வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். அதே ஆண்டு கல்லூரிக் கூடைப்பந்துப் புகழ்மன்றம் தனி ஆட்டக்காரராக அன்றி முழு அணியாகவே லயோலாவைச் சேர்த்துக்கொண்டது. அங்கே ஓர் அணி முழுவதுமாகச் சேர்க்கப்பட்டது அதுவே முதல் முறை.